பத்துக்குப் பத்து வாங்கிய ஹெட்போன்

நியாயமான விலையில் கிடைக்கும் ஓபன்-பேக் ஹெட்போன்களைப் பற்றி இறுதித் தீர்ப்பு சொல்லும் தகுதி இந்த உலகத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் உண்டு. பொழிச்சலூரில், விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே, பதினாறு வீடுகளோடு நிற்கும் ‘அப்பாதுரை எலைட் என்க்ளேவ்’ அது. நான் அதன் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், சிட்டிபாபு. முப்பத்திரண்டு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதமும் அங்கே நகர்ந்ததில்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் அவசரப்பட்டு நகர்ந்ததில்லை.

மற்றவர்கள் ஹெட்போன் வாங்குகிறார்கள், மாட்டிப் பார்க்கிறார்கள், பிடித்திருந்தால் வைத்துக்கொள்கிறார்கள். இப்படிப் பொறுப்பில்லாத முறையில்தான் இந்த நாடு இவ்வளவு காலம் பாட்டுக் கேட்டு வந்திருக்கிறது. நாங்கள் உபகுழு அமைத்தோம்.

தேவை இருந்தது. தலைக்கு மேல் விமானம் போகும்போது டிவியில் பேசுவது கேட்காது. உடனே எல்லா வீட்டிலும் சத்தத்தைக் கூட்டுவார்கள். விமானம் போன பிறகு யாரும் குறைப்பதில்லை. அடுத்த விமானத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள். மாலை ஆறு மணிக்கு முணுமுணுப்பாக ஆரம்பிக்கும் சீரியல் மாமியார், ஏழெட்டு விமானம் தாண்டியதும் பம்மல் வரைக்கும் கேட்கும்படி மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பாள். இதனால் வீட்டுக்கு வீடு மனக்கசப்பு. எனவே ‘சமூக நல்லிணக்கம்’ கருதி, மாலையில் டிவி பார்ப்போர் அனைவரும் ஹெட்போன் அணிய வேண்டும் என்றும், ஒற்றுமை கருதி அனைவரும் ஒரே ஹெட்போன் அணிய வேண்டும் என்றும் தீர்மானம் போட்டோம்.

உபகுழுவில் நான்கு பேர். நான். பம்மலில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் கலீல் பாய், ‘தொழில்நுட்ப ஆலோசகர்’. ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் ஹேமாவதி மேடம். அப்புறம் தலைவர் அப்பாதுரை. இந்தக் கட்டடம் நிற்கும் இடம் அவருடைய அப்பா கத்திரிக்காய் போட்ட நிலம். நிலத்தைக் கொடுத்து நான்கு வீடும் நிரந்தரத் தலைவர் பதவியும் வாங்கிக்கொண்டவர்.

முதல் கூட்டத்தில் கலீல் பாய் மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்.

“சாதா ஹெட்போன் காதை அப்படியே மூடிடும் சார். நம்ம ஊரு வெயிலுக்கு அரைமணி நேரம் போட்டா காது வெந்துடும். இது ஓபன்-பேக். பின்பக்கம் மூடி கிடையாது, வலை மட்டும்தான். காத்து போகும், வரும். சத்தமும் போகும், வரும்.”

தலைவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா பாய், ஓட்டையா கீது? ஓட்ட இல்லாத பீஸ் இல்லியா?”

“ஓட்டைதான் தலைவரே இதோட விசேஷம்.”

“சத்தம் வெளிய போவும்னா அப்பால இன்னாத்துக்குப்பா ஹெட்போனு?”

ஒரு பெரிய திட்டத்தையே கவிழ்க்கக்கூடிய கேள்விகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’ என்று குறித்துக்கொண்டேன்.

ஹேமாவதி மேடம்தான் விஷயத்தை முடித்துவைத்தார். “எனக்கு வெளிச் சத்தம் கேக்கணும் சார். குக்கர் விசில், காலிங் பெல், தண்ணி லாரி ஹாரன், எல்லாம் கேக்கணும். போன மாசம் மூடின டைப் போட்டு கிளாஸ் எடுத்தேன், லாரி வந்துட்டுப் போயே போயிடுச்சு. ரெண்டு நாள் குளிக்கல.”

தண்ணீர் லாரி என்றதும் கூட்டத்தில் மாற்றுக் கருத்து இல்லை. ஓபன்-பேக் ஏகமனதாகத் தேர்வானது. இனி அதை முறைப்படி மதிப்பிட வேண்டும்.

படிவத்தை நானே தயாரித்தேன். இருபத்து மூன்று கட்டங்கள், மூன்று பிரதிகள். உச்சந்தலை அழுத்தம், காதுமடல் திருப்தி, மூக்குக் கண்ணாடியோடு ஒத்துப்போதல், எண்ணெய் தேய்த்த தலையில் நழுவும் தூரம், கொண்டைக்கு ஏற்படும் இடையூறு, கழற்றும்போது முடி சிக்குதல் என்று எதையும் விடவில்லை. தண்ணீர் லாரியை மனதில் வைத்துப் பதினேழாவது கட்டத்தை அமைத்தேன்: ‘வெளி ஓசை எவ்வளவு தெளிவாக உள்ளே கேட்கிறது? கேட்டதை அப்படியே எழுதவும்.’ அந்தக் கட்டத்தை நினைத்து அன்று எனக்கு ஒரே பெருமை.

இந்த இடத்தில் எங்கள் லிப்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கரண்ட் போனால் லிப்டைப் பக்கத்து மாடியில் கொண்டுபோய்த் திறந்துவிட ஒரு பேட்டரி உண்டு. உள்ளே இருக்கும் அபாய மணியும் அதே பேட்டரியில்தான் அடிக்கும். பேட்டரி செத்து ஐந்து மாதம் ஆயிற்று. அது ஒவ்வொரு கூட்டத்திலும் ஏழாவது பொருளாக வரும். ஆறாவது பொருள் ஹெட்போன். ஹெட்போனை முடிப்பதற்குள் எல்லாருக்கும் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

லிப்டுக்கு ஒரு சட்டமும் உண்டு. தீர்மானம் எண் பதினான்கு: ‘பணியாளர்கள் லிப்டில் ஏறக் கூடாது. பொருள் லிப்டில், ஆள் படியில்.’ வாசகம் என்னுடையது. கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் கிளியம்மாள் தண்ணீர் கேனை லிப்டுக்குள் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, படியில் ஏறிப்போய் மேலே கேனை வரவேற்க வேண்டும். லிப்டுக்குப் பதினெட்டு விநாடி. ஐம்பத்தாறு வயதில் கிளியம்மாளின் முழங்காலுக்கு மூன்று நிமிடம். இந்தச் சின்ன இடைவெளியில் வேறு யாராவது பட்டனை அழுத்திவிடுவார்கள். ஆடி மாதம் அப்படி அனுப்பிய ஒரு கேன் நான்காம் மாடிக்குப் போனது, இன்றுவரை திரும்பவில்லை.

மதிப்பீட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்கு, இரண்டாம் மாடியில் லிப்டை ஒட்டியிருக்கும் சங்க அறையில் கூடினோம். ஒரே போனிலிருந்து நான்கு ஹெட்போனுக்கு ஒயர் பிரித்துக் கொடுத்திருந்தார் கலீல் பாய். பாட்டில் வார்த்தை இருந்தால் கருத்து வரும், கருத்து வந்தால் சண்டை வரும் என்பதால் வெறும் புல்லாங்குழல் என்று முடிவாகியிருந்தது.

மாட்டிக்கொள்வதற்கு முன் தலைவர் மாடிப்படியை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏ கிளி! ஒரு கேன் தண்ணி எட்தாந்து வையி. நாலு பேர் உக்காந்து வேல பாத்துகினு கீறோம்ல?”

கீழேயிருந்து “தோ வரேன்ணா” என்று சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம். இருபது லிட்டர் கேனை லிப்டில் வைத்தவள், காணாமல் போன ஆடி மாதக் கேனை நினைத்தாளோ, முழங்காலை நினைத்தாளோ, தானும் உள்ளே ஏறிவிட்டாள். லிப்ட் முதல் மாடி தாண்டியது. கரண்ட் போனது. மணி பதினொன்று பத்து. அவளுடைய போன் கீழே கூடைக்குள் இருந்தது. லிப்ட் கதவைத் திறக்கும் சாவி என் இடுப்பில் இருந்தது. சங்கத்தின் பதினொரு சாவிகளையும் நான் யாரை நம்பியும் கொடுப்பதில்லை.

எங்களுக்கு அந்த மின்வெட்டு வரப்பிரசாதமாகத் தோன்றியது. மோட்டார் நின்றது, டிவிகள் நின்றன, ஃபேன் நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு விமானமும் வரவில்லை. இவ்வளவு அமைதியான பொழிச்சலூரை அப்பாதுரையே கத்திரித் தோட்டக் காலத்துக்குப் பிறகு கேட்டதில்லையாம். உடம்பெல்லாம் வியர்வை. காது மட்டும் காய்ந்து கிடந்தது. ‘காதுமடல் திருப்தி’யில் நான்கு பேரும் ஒன்பதுக்குக் குறையாமல் போட்டோம். கொண்டையை ஒரு விரற்கடை இறக்கிப் போட்டால் பிரச்சினையே இல்லை என்று ஹேமாவதி மேடம் எழுதினார். தலைவரின் தலை பெரியது. பட்டையை முழுக்க இழுத்தும் காதுக்கு ஓரங்குலம் மேலேயே நின்றது. ஆனாலும் கேட்கிறது என்றார். அது ஹெட்போனுக்குக் கூடுதல் மதிப்பெண்.

“இப்ப சவுண்ட் ஸ்டேஜ்” என்றார் கலீல் பாய். “எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. பாட்டு மண்டைக்குள்ள கேக்காது. வெளிய, உங்களைச் சுத்தி நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் கேக்குதுன்னு சொல்லணும்.”

கண்ணை மூடினோம். புல்லாங்குழல் ஆரம்பித்தது.

“கேக்குது!” என்றார் ஹேமாவதி மேடம். “லெஃப்ட் சைடு. கொஞ்சம் பின்னாடி, கொஞ்சம் கீழ. ஒரு லேடி வாய்ஸ்.”

எங்களுக்கு இடது பக்கம், கொஞ்சம் பின்னால், கொஞ்சம் கீழே இருந்தது லிப்ட்.

“புல்லாங்குழல்தானே பாய் போட்டீங்க? லேடி எங்கேர்ந்து வந்தாங்க?”

“அதான் மேடம் ஓபன்-பேக். சாதா ஹெட்போன்ல அமுங்கிப் போற டீடெயில் எல்லாம் இதுல எழுந்து வரும்.”

“மோளம் கேக்குதுபா” என்றார் தலைவர். “டொம்மு டொம்முன்னு. அடிக்கிறவன் செம காண்டுல அடிக்கிறான்.”

“அது பேஸ் தலைவரே. இந்த ரேட்டுக்கு இப்படி பேஸ் எவனும் குடுக்க மாட்டான்.”

“அந்தம்மா கொரல்ல ஒரு சோகம் கீது பாரு. அனுபவிச்சுப் பாடுது.”

ஒரு கணம் எனக்குச் சந்தேகம் தட்டியது, ஒளிக்கவில்லை. ஆனால் தீர்மானம் பதினான்கு அமலில் இருக்கும்போது லிப்டுக்குள் ஆள் இருக்க முடியாது. ஆள் இருக்க முடியாத இடத்திலிருந்து குரல் வர முடியாது. ஆகவே குரல் ஹெட்போனிலிருந்துதான் வருகிறது. நான் எழுதிய தீர்மானத்தை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்? பதினேழாவது கட்டத்தை நிரப்பி, பத்துக்குப் பத்து போட்டு, நேரம் குறித்துக் கையெழுத்திட்டேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் தலைவருக்குத் தாகம் எடுத்தது. “தண்ணி கேட்டு எம்மாம் நேரம் ஆவுது? இந்தப் பொம்பள எங்கதான் போய்த் தொலைஞ்சுதோ!”

“சொன்னா காதுலயே வாங்கிக்கறதில்ல சார்” என்றார் ஹேமாவதி மேடம், கண்ணைத் திறக்காமல்.

அதே பாட்டை மறுபடி போட்டோம். மறுபடியும் போட்டோம். மூன்றாவது முறையில் அந்தப் பெண் குரல் குறைந்துபோய்விட்டது. ‘நீண்ட நேரப் பயன்பாட்டில் ஒலி சற்று மென்மையாகிறது’ என்று கலீல் பாய் குறித்துக்கொண்டார்.

பன்னிரண்டரைக்குக் கதவு படாரென்று திறந்தது. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் வினிதா, கையில் காய்கறிப் பையோடு மூச்சிரைக்க நின்றாள். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. உபகுழுவில் இடமும் கிடையாது. அதனால் அவளிடம் ஹெட்போனும் இல்லை.

“சார்! கிளியம்மா லிப்ட்ல மாட்டிட்டு இருக்காங்க! படியேறி வர்ற எனக்கே கேக்குது, பக்கத்துல உக்காந்திருக்கீங்க, உங்களுக்குக் கேக்கலையா?”

பாட்டு நான்காவது முறையாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் மதிப்பீடு செல்லாது. ஒரு விரலைத் தூக்கி ‘ஒரு நிமிஷம்’ என்று காட்டினேன். அந்தப் பெண் வந்த வேகத்தில் என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிவிட்டாள். முடி ஒன்றுகூடச் சிக்கவில்லை. அதை உரிய கட்டத்தில் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்து பார்த்தோம். லிப்ட் தரைக்கு மூன்றடி கீழே நின்றிருந்தது. கிளியம்மாள் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை தொப்பலாக நனைந்திருந்தது. கதவைக் குத்திக் குத்தி வலது கை மணிக்கட்டு வரை வீங்கிப்போயிருந்தது. மூன்று பேராகத் தூக்கி வெளியே விட்டோம். நாக்கு ஒட்டிக்கொண்டதுபோல் மெதுவாகத்தான் பேசினாள்.

“கேன ஒடைச்சு ரெண்டு வாய் குட்ச்சிட்டேன் சார். மூச்சு முட்டிகினு வந்துச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க.”

அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் படியெல்லாம் ஆட்கள் கூடிவிட்டார்கள், எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் செயலாளராக இருந்தாக வேண்டியிருந்தது.

“ரூல் தெரியுமில்ல கிளியம்மா? லிப்ட்ல ஏன் ஏறினே?” என்றேன்.

அடுத்த ஞாயிறு அவசரப் பொதுக்குழு கூடியது. பொருள் ஒன்று: கிளியம்மாள் தீர்மானம் பதினான்கை மீறியது. பொருள் இரண்டு: சங்கத்தின் குடிநீர் கேனை அனுமதியின்றி உடைத்தது. பொருள் மூன்று: அவளைத் தொடர்ந்து வேலையில் வைத்துக்கொள்வதா, வேண்டாமா. பேட்டரி வழக்கம்போல ஏழாவது.

கிளியம்மாள் கதவருகில் நின்றாள். கையில் கட்டு. பதினொரு வருடமாக அவள் துடைத்துவந்த அறைதான் அது. ஆனாலும் உள்ளே வந்து நிற்கக் கூச்சப்பட்டாள்.

“எண்பது நிமிசம் உள்ள குந்தியிருந்திருக்க” என்று ஆரம்பித்தார் தலைவர். “ஒரு கொரல் குட்த்திருக்கலாம்ல?”

“குட்த்தேண்ணா. தொண்ட கட்ற வரைக்கும் கத்தினேன்.”

“அதெப்படி? மூடின ஹெட்போனா இருந்தா நீ சொல்றது நாயம். நாங்க போட்டிருந்தது ஓபன்-பேக். வெளிய ஊசி வியுந்தாக்கூட கேக்கும். இன்னா பாய்?”

“சர்ட்டிஃபைடு தலைவரே.”

“கேட்டிச்சா பாய்?”

கலீல் பாய் தரையைப் பார்த்தார். “கேட்டிருந்தா போயிருப்போமே தலைவரே.”

“ஆங்! அப்போ நீ கத்தல. கேன் தண்ணியக் குட்ச்சிட்டு நல்லாத் தூங்கிகினு கீற.”

இந்த வாதத்தின் அழகைக் கவனிக்க வேண்டும். ஹெட்போன் தரமானது. தரமான ஹெட்போனில் வெளிச் சத்தம் கேட்கும். எங்களுக்குக் கேட்கவில்லை. ஆகவே சத்தமே இல்லை. இவ்வளவு கச்சிதமான வாதத்தை என் அலுவலகத்தில் மேலதிகாரிகள்கூடச் செய்ததில்லை.

கிளியம்மாள் கட்டுப் போட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்க கேட்ட பாட்டு எனக்குக் கேட்டுச்சுண்ணா. பீப்பி மாதிரி ஒன்னு. ஒரே பாட்டு, நாலு வாட்டி. நடுவுல நீங்க மோளம்னீங்க. அது நான்தாண்ணா. அந்தம்மா லேடி வாய்ஸுன்னாங்க. அதுவும் நான்தான். ஒங்க காதுல கீற பாட்டு எனக்குக் கேக்குது. என் தொண்டைல கீறது ஒங்களுக்குக் கேக்கலியா?”

ஒலிக்கசிவு குறித்து இவ்வளவு துல்லியமான கள ஆய்வை எங்கள் உபகுழுவால்கூடச் செய்ய முடிந்ததில்லை என்பதை நான் இங்கே பதிவு செய்கிறேன்.

“யாரைக் கூப்பிட்டீங்க?” என்று பின்வரிசையிலிருந்து வினிதா கேட்டாள்.

“சாவி யாராண்ட கீதோ அவரத்தாம்மா கூப்ட்டேன்.” கிளியம்மாள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். இப்போதாவது எழுந்து சாவியை எடுப்பேன் என்பதுபோல் பார்த்தாள்.

“கேட்டதை அப்படியே எழுதச் சொல்லி அன்னைக்கு உங்க கையில ஒரு ஃபார்ம் இருந்துச்சே சார், பாத்தேனே” என்றாள் வினிதா. “அதைப் படிங்க. கேட்டுச்சா இல்லையான்னு தெரிஞ்சுடும்.”

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. கோப்பு என் மடியில்தான் இருந்தது. பதினேழாவது கட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று என் விரலுக்கே தெரியும். எழுந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“படிவங்கள் பரிசீலனையில் உள்ளன” என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன். ஓட்டெடுப்பு நடந்தது. பதினாறு ஓட்டும் ஒரே பக்கம் விழுந்தன. அன்று மாலையே கிளியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது படியில் இறங்கித்தான் போனாள். இப்போது பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டுகிறாளாம். அங்கே லிப்டே இல்லையாம். நல்லது.

ஹெட்போன்கள் வந்து சேர்ந்துவிட்டன. மாலை நேரங்களில் எல்லா வீட்டிலும் எல்லாரும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் வீட்டுச் சத்தமும் எல்லாருக்கும் கேட்கிறது. ஆனால் யாருக்கும் எதுவும் கேட்பதில்லை என்பதால் சமூக நல்லிணக்கம் திருப்திகரமாக உள்ளது. தண்ணீர் லாரி ஹாரன் மட்டும் தவறாமல் கேட்கிறது. பேட்டரி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.

வாங்க நினைக்கும் வாசகர்கள் தயங்க வேண்டாம். எடை குறைவு, காது வேகாது, மூக்குக் கண்ணாடியோடு சண்டை போடாது. ஒலியின் தரத்துக்குச் சான்றாக என்னுடைய பதினேழாவது கட்டத்தை, பரிசீலனை முடிந்துவிட்டபடியால், ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறேன்:

‘பெண் குரல். மிகத் தெளிவு. நம் கிளியம்மாள் பேசுவதுபோலவே அத்தனை இயல்பு. “சிட்டிபாபு சார், சாவி எட்தாங்க சார், மூச்சு முட்டுது சார்” என்கிறது. 10/10. நேரம் 11.35. ஒப்பம்: சிட்டிபாபு, செயலாளர்.’